வாழைத் தோட்டத்து நஞ்சும் காரைக்காலில் கப்பலேறியவர்களும்

கூலி வேலைக்குக் கடல் தாண்டிப் போன நம் ஆட்களைப் பற்றிப் பேசும்போது இலங்கை, மலேயா, மொரீஷியஸ், பிஜி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். மார்த்தினிக், குவாதலூப் என்ற பெயர்கள் நம் பேச்சில் வருவதே இல்லை. இரண்டும் கரீபியன் கடலில் உள்ள தீவுகள்; இன்றும் பிரான்ஸ் நாட்டின் பகுதிகள். 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அடுத்த ஆண்டே அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு இழப்பீடு வழங்கச் சட்டம் வந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு எதுவும் இல்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது பிரெஞ்சு அரசு புதுச்சேரியையும் காரைக்காலையும் திரும்பிப் பார்த்தது.

'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் முதல் கூட்டத்தை மார்த்தினிக்கில் இறக்கியது. 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் ஆட்களைக் கொண்டுபோனது. அடுத்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25 ஆயிரம் பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42 ஆயிரம் பேரும் போனார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தஞ்சை மாவட்டத்திலிருந்து எல்லை தாண்டிக் காரைக்காலுக்கு வந்து கைநாட்டு வைத்தவர்களும் அவர்களில் உண்டு. பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமாகப் போனார்கள். மாரியம்மனையும் மதுரை வீரனையும் கூடவே எடுத்துப் போனார்கள். பெயர் திரிந்தாலும் அந்தத் தெய்வங்களுக்கு அங்கே இன்றும் ஆடு வெட்டுகிறார்கள். மார்த்தினிக்கின் வடமுனையில் உள்ள பாஸ்-புவாந்த், குவாதலூப்பின் காப்பெஸ்தேர் ஆகிய ஊர்களில் அவர்களின் வழிவந்தவர்கள் அதிகம். இந்த இரண்டு ஊர்களும் பிறகு வேறொரு பட்டியலிலும் இடம்பிடித்தன. மண்ணிலும் தண்ணீரிலும் குளோர்டெகோன் என்ற நஞ்சு தங்கிப்போன பகுதிகளின் பட்டியல் அது.

கரும்பு படுத்த பிறகு அந்தத் தீவுகளில் வாழை வந்தது. வாழைக்குக் கிழங்குக் கூன்வண்டு வந்தது. கிழங்கைத் துளைத்துத் தின்னும் வண்டு அது. நம் ஊர் வாழை விவசாயிகளுக்கும் அதைத் தெரியும். அதைக் கொல்ல அமெரிக்காவில் 'கெப்போன்' என்ற பெயரில் விற்ற குளோர்டெகோனுக்கு 1972இல் பிரான்ஸ் தற்காலிக அனுமதி கொடுத்தது. நூற்றுக்கு ஐந்து பங்கு நஞ்சு கலந்த பொடி. ஒரு வாழைக்கு 30 கிராம், மரத்தின் அடியில் தூவ வேண்டும். தொழிலாளர்கள் வாளியில் வாங்கிக்கொண்டு கையால் தூவினார்கள். தோட்டங்களின் உடைமை பெரும்பாலும் 'பெக்கே' என்று அங்கே அழைக்கப்படும் பழைய அடிமை முதலாளிகளின் வாரிசுகளிடம் இருந்தது. தூவிய கைகளில் பெரும்பாலானவை ஆப்பிரிக்க அடிமைகளின் பேரப்பிள்ளைகளுடையவை. தமிழ்க் கூலிகளின் பேரப்பிள்ளைகளும் அதே தோட்டங்களில்தான் இருந்தார்கள்.

இது கெடுதல் என்று முதலில் சொன்னது எந்த ஆய்வகம் என்று தேடிப் பார்த்தோம். மார்த்தினிக்கைப் பொறுத்தவரை தொழிலாளர்களே முந்திக்கொண்டிருக்கிறார்கள். 1974 ஜனவரி, பிப்ரவரியில் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு முதல் கோரிக்கை. நச்சுப் பொடிகளை நிறுத்த வேண்டும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. கெப்போன் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டது. அனுமதி கொடுத்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது. பிப்ரவரி 14 அன்று பாஸ்-புவாந்த் அருகே ஷால்வே தோட்டத்தில் காவல் படை சுட்டதில் ரெனோர் இல்மானி என்ற தொழிலாளி இறந்தார். இரண்டு நாள் கழித்து ஜார்ஜ் மாரி-லூயிஸ் என்ற 19 வயது இளைஞரின் உடல் கடற்கரையில் கிடந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 1968 டிசம்பர் 25 இரவில், கூலி கேட்டதற்காக 44 பேர் எரிக்கப்பட்ட வெண்மணி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

கெப்போனைத் தயாரித்த அமெரிக்காவின் ஹோப்வெல் நகரிலும் முதலில் நடுங்கியது தொழிலாளர்களின் கைகள்தான். அங்கே 1975இல் ஆலையை மூடினார்கள். கழிவு கலந்த ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். 1979இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் குளோர்டெகோனைச் சேர்த்தது. குவாதலூப்பின் மண்ணிலும் நீரிலும் அது தேங்கியிருப்பதைப் பிரான்ஸின் சொந்த விஞ்ஞானிகளே 1977இலும் 1980இலும் அறிக்கையாகக் கொடுத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு 1981இல் 'கர்லோன்' என்ற புதுப் பெயரில் அதே நஞ்சுக்குப் பிரான்ஸ் மறுபடியும் அனுமதி கொடுத்தது. 1979இலும் 1980இலும் அடித்த இரண்டு பெரும்புயல்களில் வாழை சாய்ந்துவிட்டது, வண்டு பெருகிவிட்டது என்பது காரணம். 1990இல் பிரான்ஸில் தடை வந்தது. தீவுகளுக்கு மட்டும் விலக்கு அளித்து 1993 வரை ஓட்டினார்கள். இந்த இருபது ஆண்டுகளில் மண்ணில் போன நஞ்சு சுமார் 300 டன் என்பது கணக்கு.

தூவி முடித்து முப்பது ஆண்டுகள் தாண்டிய பிறகும் அது ஏன் தண்ணீரில் வருகிறது? நம் வயலுக்கும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது இது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குளோர்டெகோன், டி.டி.டி., பிஎச்சி எல்லாம் வேதியியலில் 'ஆர்கானிக்' வகை. கடையில் 'ஆர்கானிக் அரிசி' என்று விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கார்பனை எலும்புக்கூடாகக் கொண்ட சேர்மம் என்பதே இங்கே பொருள். இந்த வகை நஞ்சுகளில் பலவற்றுக்கு எண்ணெயின் குணம் உண்டு. தண்ணீரோடு சேராது, கொழுப்போடு சேரும். மண்ணில் கொழுப்புக்கு நிகராக இருப்பது மக்கு. இலையும் வேரும் சாணியும் மக்கி மண்ணோடு கலந்து கறுப்பாக இருக்கிறதே, அதுதான். பொடி மண்ணில் விழுந்ததும் மக்கின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. களிமண் துகள்களின் இடுக்கிலும் புகுந்துகொள்கிறது.

ஒட்டிக்கொண்டால் நல்லதுதானே, தண்ணீருக்கு வராதே என்று தோன்றும். பூச்சிமருந்து விற்றவர்களும் பல காலம் இதைத்தான் சொன்னார்கள். சாயம் போகும் சிவப்புத் துணியை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் லேசாகச் சிவக்கும். ஓரளவுக்கு மேல் சிவக்காது, நின்றுவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் சிவக்கும். துணியில் சாயம் இருக்கிறவரை ஒவ்வொரு வாளிக்கும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மண்ணும் தண்ணீரும் இப்படித்தான் நஞ்சைப் பங்கிட்டுக்கொள்கின்றன. குளோர்டெகோன் விஷயத்தில் மக்குக்குப் பல ஆயிரம் பங்கு என்றால் தண்ணீருக்கு ஒரு பங்கு. ஒவ்வொரு மழையும் ஒரு புது வாளி.

ஒரு பங்கு என்பது அற்பம் இல்லையா? ஐரோப்பியச் சட்டப்படி குடிநீரில் எந்தப் பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஒரு வாழைக்குப் போட்ட 30 கிராம் பொடியில் இருந்த நஞ்சு ஒன்றரை கிராம். அது அப்படியே தண்ணீரில் கலந்தால் ஒன்றரைக் கோடி லிட்டரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். மண் இறுக்கிப் பிடித்திருப்பதால் ஒரே நாளில் அது நடக்காது. தலைமுறை தலைமுறையாக நடக்கும்.

மண்ணுக்கு மண் இதில் வித்தியாசம் உண்டு. அந்தத் தீவுகள் எரிமலைத் தீவுகள். புதிய எரிமலைச் சாம்பல் மண்ணில் அலோஃபேன் என்ற நுண்துளைக் களிமண் இருக்கிறது, மக்கும் அதிகம். அது நஞ்சை ஏராளமாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது, மெதுவாகத்தான் விடுகிறது. பழைய செங்களிமண்ணில் சேர்ந்திருக்கும் நஞ்சு குறைவு. ஆனால் இருப்பதை வேருக்கும் ஊற்றுக்கும் சீக்கிரம் கொடுத்துவிடுகிறது. மழைநீரே கழுவித் தீர்க்கட்டும் என்று விட்டால் செங்களிமண் சுத்தமாக 60 முதல் 100 ஆண்டுகள், சாம்பல் மண் சுத்தமாக 500 முதல் 700 ஆண்டுகள் ஆகும் என்று 2009இல் ஒரு கணக்கு வெளியானது. பிறகு வந்த ஆய்வு இதைவிடக் குறைவான காலம் சொல்கிறது. எப்படியானாலும் பொடி தூவியவர் தன் ஆயுளில் சுத்தமான மண்ணைப் பார்க்க மாட்டார்.

நஞ்சு தண்ணீருக்குப் போக இன்னொரு வழியும் உண்டு. கரைந்து போகாமல், மண்ணின் மேல் சவாரி செய்தே போவது. அரித்து வரும் சேற்றோடு ஆற்றுக்கும், ஆற்றோடு கடலுக்கும் போய்விடுகிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு கடலடி வண்டலை அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்தது. தடைக்குப் பிறகு குறைந்திருக்க வேண்டிய குளோர்டெகோன், 1990களின் கடைசியிலிருந்து கூடியிருந்தது. தோட்டங்களில் களையைக் கருக்க கிளைபோசேட் அடிக்க ஆரம்பித்த காலம் அது. களை போனதும் மண் வெறுமையாகி அரிப்பு கூடியது. அரிப்பு பழைய நஞ்சைக் கிளப்பிவிட்டது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். களைக்கொல்லி வாங்கியவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இதற்கு நேர்மாறாக ஜேம்ஸ் ஆற்றில் புதிய வண்டல் வந்து பழைய சேற்றை மூடியது. 1988இல் மீன்பிடித் தடையை நீக்கினார்கள். நஞ்சு அடியில் அப்படியேதான் இருக்கிறது.

இந்த நஞ்சு யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வேரிலிருந்து மேலே ஏற அதற்குச் சிரமம். அதனால் ஏற்றுமதியாகும் வாழைப்பழத்தில் அது சேருவதில்லை. ஐரோப்பாவில் பழம் தின்றவர்களுக்குக் கேடில்லை. மண்ணுக்குள் விளையும் சேனை, வள்ளிக்கிழங்கு, சேம்பு வகைகளில் ஏறிவிடுகிறது. அவை வீட்டுக் கொல்லையில் ஏழைகள் போட்டுத் தின்பவை. கொல்லையில் மண்ணைக் கிளறும் கோழியின் முட்டையில் ஏறுகிறது. ஆற்று முகத்துவாரத்து இறாலிலும் நண்டிலும் ஏறுகிறது. மார்த்தினிக்கிலிருந்து போன ஒன்றரை டன் வள்ளிக்கிழங்கைப் பிரான்ஸின் டன்கெர்க் துறைமுகத்தில் 2002இல் பிடித்து வைத்த பிறகுதான் பாரிஸ் பத்திரிகைகள் விழித்துக்கொண்டன. கொல்லைக் கிழங்கு அதற்குள் ஒரு தலைமுறைக்குச் சோறாகியிருந்தது.

குடிநீரில் அதைக் கண்டுபிடித்தது 1999, 2000 வாக்கில். குவாதலூப்பின் ஊற்றுகள் சிலவற்றில் அளவு எல்லையைவிடப் பல மடங்கு இருந்தது. சில ஊற்றுகளை மூடினார்கள். மற்றவற்றுக்குக் கரி வடிகட்டி போட்டார்கள். மண்ணில் மக்கு செய்யும் வேலையைத்தான் கரி இன்னும் கறாராகச் செய்கிறது: நஞ்சைப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்கிறது. கரி நிறைந்ததும் மாற்ற வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்டால் மேலே சொன்ன கணக்குதான். இரு தீவுகளிலும் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ரத்தத்தில் குளோர்டெகோன் இருப்பது பின்னர் அரசின் ஆய்விலேயே தெரிந்தது. ரத்தத்தில் அளவு கூடக்கூட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அபாயம் கூடுவதைக் குவாதலூப்பில் நடந்த ஆய்வு 2010இல் காட்டியது.

தோட்டத் தொழிலாளிக்கு வரும் அந்தப் புற்றுநோயைத் தொழில்சார் நோய் என்று பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது 2021 டிசம்பரில். 2006இல் போட்ட குற்றப் புகாரை 2023 ஜனவரியில் நீதிபதிகள் தள்ளுபடி செய்தார்கள். இது பொதுச் சுகாதார அவலம்தான் என்று எழுதிவிட்டே, இத்தனை காலம் கடந்து குற்றத்தை நிரூபிக்க முடியாது என்று முடித்தார்கள். 2025 மார்ச்சில் பாரிஸ் நிர்வாக மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசு தவறிழைத்தது, நஞ்சுக்கு ஆளானதை நிரூபிக்க முடிந்தவர்களின் மனக்கவலைக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. நிரூபிக்க வேண்டிய பாரம் பாதிக்கப்பட்டவரின் தலையில்தான். ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வர வேண்டும்.

இனி நம் பக்கம். டெல்டா வயல்களில் 1960களிலிருந்து பிஎச்சி பொடியும் டி.டி.டி.யும் எண்ட்ரினும் கொட்டப்பட்டன. தூவும் கருவி இல்லாத இடத்தில் பொடியைத் துணியில் கட்டி உதறினார்கள். உதறியவர்கள் யார், மறுநாள் அதே சேற்றில் வெறுங்காலோடு களை பறித்த பெண்கள் யார் என்று இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டி.டி.டி.யை 1989இல் விவசாயத்திலிருந்து விலக்கினார்கள். எண்ட்ரினுக்கு 1990இலும் பிஎச்சிக்கு 1997இலும் தடை வந்தது. எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. தடை ஆணை எதுவும் மண்ணில் ஏற்கெனவே ஒட்டியிருந்ததைத் தொடவில்லை.

எல்லா நஞ்சும் குளோர்டெகோன் மாதிரி நடக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். பரங்கிப்பேட்டையில் கடலில் சேரும் வெள்ளாற்றுப் பகுதியில் ஜப்பானிய விஞ்ஞானிகளும் நம் விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. வயலில் இட்ட பிஎச்சியில் 99.6 சதவீதம் நம் வெயிலுக்கு ஆவியாகிக் காற்றில் போய்விடுகிறது, 0.4 சதவீதம்தான் ஆற்றோடு முகத்துவாரத்துக்குப் போகிறது என்று அது கணக்கிட்டது. நம் தண்ணீர் தப்பித்தது என்று இதை வாசிக்கலாம். அந்தக் காற்றை முதலில் மூச்சில் இழுத்தவர் யார் என்றும் வாசிக்கலாம். நாம் இரண்டாவது கேள்வியோடு நிற்கிறோம். பின்னால் வந்த மருந்துகளின் குணம் வேறு. மோனோகுரோட்டோபாஸ் தண்ணீரில் எளிதில் கரைவது; இமிடாகுளோபிரிட் மண்ணில் பலமாக ஒட்டாதது. இவை மக்கில் தலைமுறைக் கணக்காகத் தங்காது. அதே காரணத்தால் மருந்தடித்த மறுநாள் மழை பெய்தால் வடிகாலுக்கு முந்திக்கொண்டு போய்விடும்.

வடிகால் எங்கே போகிறது என்பதில்தான் சாதி வருகிறது. நம் ஊர்கள் பலவற்றில் ஊர்த்தெரு மேட்டில் இருக்கிறது. காலனி பள்ளத்தில், வடிகால் வாய்க்காலின் கரையில் இருக்கிறது. மேட்டு வயலில் அடித்த மருந்தும் அரித்த சேறும் இறங்கி வந்து நிற்பது அங்கே. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் கைபம்பும் குட்டையும்தான் கதி. கடலோரத்தில் ஆழமாகப் போட்டால் உப்பு. அதனால் பம்பின் ஆழமும் குறைவு. மண்ணில் ஊறி இறங்கும் எதுவும் முதலில் சேருவது அந்த மேல்நீரில்தான்.

ஊராட்சியில் வைத்திருக்கும் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி காரத்தன்மை, கடினத்தன்மை, இரும்பு, புளோரைடு, நைட்ரேட், குளோரின் போன்றவற்றைப் பார்க்கும். பூச்சிக்கொல்லியைப் பார்க்காது. அதற்குப் பெரிய ஆய்வகக் கருவி வேண்டும். ஆனால் நம் நாட்டின் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500இல் பூச்சிக்கொல்லிகளுக்கென்று தனி அட்டவணையே இருக்கிறது, டி.டி.டி., லிண்டேன், எண்டோசல்பான் ஒவ்வொன்றுக்கும் எல்லை எழுதியிருக்கிறது. மாவட்டக் குடிநீர் ஆய்வகத்தில் நம் ஊர் மாதிரி கொடுக்கப்பட்டது என்றால், அந்த அட்டவணை பார்க்கப்பட்டதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் இப்போது வீட்டுக் கொல்லை மண்ணை இலவசமாகப் பரிசோதித்துத் தருகிறார்கள். மண்ணில் நஞ்சு இருந்தால் கிழங்கு போடாதே, மரத்தில் காய்ப்பதைப் போடு, கோழியைத் தரையில் மேயவிடாதே என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இதுவும் கேட்டு வாங்கியதுதான், சும்மா வரவில்லை. நம் கிராம சபைகளில் தண்ணீர் அறிக்கை வாசிக்கும்போது கேட்க வேண்டியவை மூன்று. மாதிரி எடுத்தது மேட்டுத் தெருவின் தொட்டியிலா, காலனிக் கைபம்பிலா? கோடையில் எடுத்ததா, மருந்தடிப்புக்குப் பிறகு முதல் மழை முடிந்து எடுத்ததா? குட்டையின் அடிச்சேற்றைப் பார்த்தார்களா, தெளிந்த தண்ணீரை மட்டும் பார்த்தார்களா? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், தேதியோடு.